மழைக்காட்டுல மழை பேஞ்சா தப்பா?

அமெரிக்காவுல வேலை பார்க்கற எங்க பெரியம்மா பையன் கரீபியன் க்ரூஸ் போயிட்டு வந்து ஃபேமிலி குரூப்ல போட்ட மெசேஜ்: "போர்ட்டோ ரிக்கோவுல எல் யுன்கே காட்டுக்குப் போனோம். ஒரே மழை. ட்ரிப் வேஸ்ட்."

அண்ணா, அது மழைக்காடு! அந்த மலை உச்சியில வருஷத்துக்கு சுமார் 5,000 மி.மீ. மழை பெய்யுது. அந்தத் தீவுல நிறைய பேர் குடிக்கிற தண்ணியே அங்கிருந்துதான் வருது.

ஆனா தப்பு அண்ணன் மேல இல்ல, டூர் பிளான் மேல. சான் ஹுவான் துறைமுகத்துல இறங்கி ஒரு மணி நேரம் பஸ். ஒரு அருவி, ஒரு டவர், ஒரு கடை. திரும்ப பஸ். நம்ம ஐ.வி. மாதிரியேதான்.

அங்க 'கோக்கி'ன்னு ஒரு குட்டித் தவளை இருக்கு. அது கத்துற சத்தம்தான் அதோட பேரு. பொழுது சாஞ்சாதான் காடு முழுக்கக் கத்த ஆரம்பிக்கும். அதுக்குள்ள பஸ் கிளம்பிடும். போர்ட்டோ ரிக்கோ கிளி 1975-ல காட்டுல வெறும் 13 தான் மிச்சம். 2017 மரியா புயல்ல எல் யுன்கேல இருந்ததும் அழிஞ்சு, கூண்டுல வளர்த்த கிளிகளை 2020-ல மறுபடி அங்க விட்டாங்க. அந்தக் கிளி கண்ணுல படணும்னா காத்து நிக்கணும். அதுக்குத்தான் டூர்ல நேரமே இல்ல.

போகாதீங்கன்னு நான் சொல்லல. கடையை கட் பண்ணுங்க, டவரையும் விடுங்க. ஒரே பாதையில ரெண்டு மணி நேரம் நடக்க விடுங்க. நனைஞ்சா நனையட்டும். மழையைப் பார்க்காம எதுக்கு மழைக்காடு?