அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு ஓர் அறை இருந்தது

புகழ்பெற்ற ஒருவர் மீது புகார் எழும்போதெல்லாம் நம்மிடம் ஒரு கேள்வி தயாராக இருக்கும்: "எத்தனை பேருக்கு நல்லது செஞ்ச மனுஷன், அவர் போய் இப்படிச் செய்வாரா?" புகார் உண்மை என்று ஆனதும் பேச்சு கொஞ்சம் இறங்கும்: "தப்புதான், ஆனா செஞ்ச நல்லதையும் பார்க்கணும்ல." முதலில் சாட்சிக் கூண்டில் ஏறிய தர்மம், அடுத்து தராசில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தர்மம் ஒரு பேரேட்டிலும் குற்றம் இன்னொரு பேரேட்டிலும் எழுதப்படுகின்றன என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடி. அது பொய். ஜிம்மி சாவிலின் கதையைப் படித்த பிறகும் அதை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

நம்மூரில் அந்தப் பெயர் அதிகம் தெரியாது. பிரிட்டனில் ஒரு தலைமுறையே அவரைப் பார்த்து வளர்ந்தது. 1964 புத்தாண்டு அன்று பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' இசை நிகழ்ச்சியை முதன்முதலில் நடத்தியவர். குழந்தைகள் ஆசையைக் கடிதமாக எழுதிப் போட, அதை நிறைவேற்றித் தரும் இன்னொரு நிகழ்ச்சியை 1975 முதல் 1994 வரை நடத்தினார். வெளுத்த தலைமுடி, வாயில் சுருட்டு, பளபளக்கும் டிராக் சூட். நன்கொடைக்காக மாரத்தான் ஓடுவார். லீட்ஸ் பொது மருத்துவமனையில் சம்பளம் வாங்காமல் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவார். 1990இல் சர் பட்டம். 2011 அக்டோபரில் 84 வயதில் இறந்தபோது, தங்க நிறச் சவப்பெட்டியை லீட்ஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 2012 அக்டோபரில் ஐடிவி தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. அதன்பின் வாய் திறந்தவர்களில் சுமார் 450 பேரின் தகவலை வைத்துக் காவல்துறை 2013 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அவரால் பாலியல் கொடுமைக்கு ஆளான இவர்களில் பெரும்பாலோர் அப்போது 18 வயது நிரம்பாதவர்கள்.

"இவ்வளவையும் எப்படி மறைத்தார்?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேள்வியே தவறு. மனுஷன் மறைக்கவில்லை. 1974இல் அவர் எழுதிய சுயசரிதையில் ஒரு சம்பவம் வருகிறது. சீர்திருத்த இல்லத்திலிருந்து தப்பிய பெண் ஒருத்தியைக் கண்டால் சொல்லும்படி போலீஸ் அதிகாரி ஒருவர் கேட்கிறார். கிடைத்தால் அன்றிரவு அவளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு காலையில்தான் ஒப்படைப்பேன் என்கிறார் இவர். அப்படியே செய்ததாகவும் எழுதுகிறார். அச்சில், காசுக்கு விற்ற புத்தகத்தில். படித்தவர்கள் என்ன நினைத்தார்கள்? சும்மா வம்புக்கு எழுதுகிறார், மனசு தங்கம் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். அந்தத் தங்கத்தை யார் வார்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்குப் போவோம். அடிபட்டு முதுகுத்தண்டு செயலிழந்தவர்களுக்கான சிகிச்சைக்குப் பேர்போன இடம். அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சொன்ன ஒரு காட்சி என்னை விட்டுப் போவதில்லை. சாவில் வார்டுக்குள் வருகிறார் என்றால் நர்ஸ்கள் குழந்தைகளிடம், தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருங்கள் என்பார்களாம். எழுந்து ஓட முடியாத பிள்ளைக்கு அவர்களால் கொடுக்க முடிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். நர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. 2015இல் வந்த விசாரணை அறிக்கை, அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் 60 பேர் பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறது. அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அங்கே பத்துப் பேர் முறையிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று, 11 வயதுச் சிறுமியின் தகப்பனார் 1977இல் கொடுத்த முறையான புகார். எதுவும் நடக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து என்ன நடந்தது தெரியுமா? பாழடைந்து கிடந்த முதுகுத்தண்டுப் பிரிவைப் புதிதாகக் கட்ட அரசிடம் பணம் இல்லை. 1980இல் அமைச்சரே கேட்டுக்கொள்ள, சாவில் வசூலில் இறங்கினார். 1 கோடி பவுண்டு சேர்ந்தது. 1983இல் சார்லஸும் டயானாவும் வந்து திறந்துவைத்தார்கள். அதன்பின் அந்த வளாகத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல யாரால் முடியும்? கட்டடமே அவர் தயவு என்று ஆகிவிட்டதே. அவருக்கு அங்கே அலுவலகம் இருந்தது, படுக்கையறை இருந்தது. பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் தங்க இடமும் கையில் சாவியும் இருந்தன. 1988இல் அதை மேற்பார்க்கும் குழுவுக்கு அவரையே தலைவராக்கியது சுகாதாரத் துறை. தர்மத்தை முகமூடி என்று சொல்வது வழக்கம். முகமூடி முகத்தை மறைப்பதோடு சரி. பூட்டிய வார்டைத் திறந்துவிடாது.

2009இல் சரே காவல்துறை கடைசியில் அவரை விசாரித்தது. ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி அல்ல. ஸ்டோக் மாண்டவிலில் இருந்த அவருடைய அலுவலகத்துக்கே அதிகாரிகள் போனார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. வழக்கு இல்லை. புகார் சொன்ன பெண்களில் ஒருத்திக்கும் இன்னொருத்தி இருப்பது சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் சாட்சிக்கு வந்திருப்போம் என்று பின்னால் சொன்னார்கள். "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்தியைத் திரும்ப ஒருமுறை படிக்கலாம். அவர் இறந்த பிறகும் கதை மாறவில்லை: பிபிசியின் செய்தியாளர்கள் தயாரித்த விசாரணை 2011 டிசம்பரில் கைவிடப்பட்டது, அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரைப் போற்றும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின.

சரி, அந்த 1 கோடி பவுண்டு? முதுகுத்தண்டு மையம் இன்றும் இயங்குகிறது, அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அவர் வீட்டுப் பணமா? முகம் தெரியாத லட்சக்கணக்கான பேர் கொடுத்தது. நன்மை என்று ஒன்று இருந்தால் அது அவர்களுடைய கணக்கில் இருக்கிறது. உண்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு அதற்கான கூலியாக ஓர் அறையும், யாரும் கேள்வி கேட்காத நடைபாதையும் கிடைத்தன. தராசின் நன்மைத் தட்டில் அந்தப் பணத்தை வைக்க வருகிறவர்கள், அதோடு சேர்த்து அந்த அறையின் சாவியையும் வைக்கட்டும்.