வீடு காலி! உனக்கல்ல!

'வீடு காலி.' மயிலையில், கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அதில் ஓர் அட்டை. அட்டையில் இந்த இரண்டு சொற்கள்.

படித்ததும் நம் தோழரின் முகம் மலர்ந்தது. அச்சகத் தொழிலாளி அவர். இல்லத்துணைவி, இரண்டு பிள்ளைகள், முதிர்ந்த தாய். மாத வருவாய் 26,000 ரூபாய். பிள்ளைகள் மந்தைவெளியில் படிக்கிறார்கள். குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். மூன்று ஞாயிறுகள் தோழரோடு நாமும் தெருத்தெருவாக நடந்தோம். லஸ் முனை, மாட வீதிகள், அடையாறு, பனகல் பூங்காவைச் சுற்றிய தெருக்கள். கால் வலித்ததே தவிரக் கதவு திறக்கவில்லை. இந்தக் கதவு திறந்தது.

ஒரு கூடம், ஓர் அறை, ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே வரவேண்டிய அடுப்படி. வாடகை 16,000. முன்பணம் பத்து மாதம், அதாவது 1,60,000. தண்ணீருக்குத் தனி. மின்சாரம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய். வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அரசு அறிவித்தது நினைவிருக்கிறதா, தோழர்களே? அந்தச் சலுகை வீட்டுக்காரரின் மீட்டரோடு நின்றுவிட்டது. குடியிருப்போனின் உள்மீட்டர் வரை அது நடந்து வரவில்லை!

தோழர் இதற்கெல்லாம் தலையாட்டினார். துணைவியின் கழுத்தில் இருந்ததை அடகு வைப்பது என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டார் போலும். அப்போதுதான் வந்தது கடைசிக் கேள்வி.

"நீங்க சைவமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் மீன் எடுப்போங்க" என்றார் தோழர். பொய் சொல்லிப் பழகாத நாக்கு!

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல பெரியவங்க ஒத்துக்கமாட்டாங்க."

கதவு சாத்தப்பட்டது. அறைந்து சாத்தவில்லை, மெதுவாக, மரியாதையாகச் சாத்தினார்கள். நொச்சிக்குப்பத்து மீனின் வாசம் காற்றோடு அந்தச் சந்து வரை வருகிறது. காற்றை யாரும் சைவமா என்று கேட்பதில்லை.

சைவமா என்பது நாக்கைப் பற்றிய கேள்வியா? அல்ல. பிறப்பைப் பற்றிய கேள்வி. 'என்ன சாதி?' என்று வாசலில் நிறுத்திக் கேட்க இந்த ஊரில் இன்று நா கூசுகிறது. அந்த அளவில் நம் இயக்கம் வென்றது. கேள்வி சாகவில்லை, உடை மாற்றிக்கொண்டு வருகிறது. அந்த அளவில் நாம் தோற்றோம். கடை, உணவு விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றில் சாதியையோ மதத்தையோ காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு பேறுகளைச் சொன்னார்கள் பெரியோர். நான்காவது செத்தபின் கிடைப்பதாம்! சென்னையில் வாடகைக்கு அலைந்தவன் அதை மறுக்கமாட்டான்.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்றொரு சொல் இருந்தது. அந்தச் சட்டத்திலும் குறை உண்டு. நகரின் நடுவே பெரிய கடையை அற்ப வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, வாடகையை நம்பிக் காலந்தள்ளிய விதவைச் சொந்தக்காரியை நீதிமன்றப் படியேற விட்டவர்களும் உண்டு. மறுக்கவில்லை. அதை எடுத்துவிட்டு 2017-ல் புதுச் சட்டம் செய்தார்கள். 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. ஆகா, நல்லதாயிற்றே! ஆனால் அதே வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது: மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி.

ஒப்பந்தமாம், ஒப்பந்தம்! பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்பவனும் சாவியைக் கையில் வைத்திருப்பவனும் சமமாக உட்கார்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம்! பத்து மாதம் கேட்டால், 'சட்டம் மூன்று மாதம் என்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஆள் மாடிப்படியில் காத்திருக்கிறான்.

இதைவிட நல்ல சட்டம் செய்யத் தெரியாத மண்ணா இது? நூறு ஆண்டுகளுக்கு முன்னால், நீதிக்கட்சியின் காலத்தில், சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 1921 வந்தது. பிறர் மண்ணில் வாடகை கொடுத்து, தன் காசில் வீடு கட்டியவனை மண்ணுக்குரியவர் நினைத்தபோது விரட்ட முடியாது. வெளியேற்றினால் இழப்பீடு தரவேண்டும். குடியிருப்போன் நீதிமன்றம் சென்று அந்த மண்ணையே விலைக்குக் கேட்கலாம். கேட்கலாம், தோழர்களே! மண்ணையே!

அதே காலத்தில்தான் மாம்பலத்தில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தெருக்கள் வகுத்தார்கள். தெருப் பெயர்களைப் படித்தாலே நீதிக்கட்சியின் வரலாறு வந்துவிடும்: தியாகராயர் பெயரில் நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, நாயர் பெயரிலும் உஸ்மான் பெயரிலும் சாலைகள். அங்கே மனை வாங்கியவர்கள் கூலிக்காரர்களா? இல்லை. ஏரியை மூடியதற்கு 2021 நவம்பரில் மழை வந்து கணக்குக் கேட்டதும் உண்மை. எனினும் ஒன்று அப்போதே விளங்கியது. ஊருக்குள் குடியிருக்க இடம் வகுப்பது அரசால் ஆகாத காரியம் அல்ல. பின்னர் வந்த சி.ஐ.டி. நகரும், வாரியம் எழுப்பிய பெசன்ட் நகரும் அதையே சொல்கின்றன.

இன்று அந்தத் தியாகராய நகரில் யார் குடியிருக்கிறார்? ரங்கநாதன் தெருவில் துணி மடிக்கும் தங்கை அங்கே குடியிருக்க முடியுமா? நாளெல்லாம் நின்றே தேய்ந்த அவளுக்கு உட்கார நாற்காலி கொடு என்று 2021-ல் சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. பெருமைதான். உட்கார இடம் கொடுத்த சட்டம், படுக்க இடம் எங்கே என்ற கேள்விக்கு இன்னும் வாய் திறக்கவில்லை.

இடம் கொடுத்தார்களே, கண்ணகி நகர் என்று! ஆம், கொடுத்தார்கள். துரைப்பாக்கத்துக்கு அப்பால், 2000-ஆம் ஆண்டையொட்டி, 15,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கம், 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரை மக்களை ஏற்றிக்கொண்டு போய் அங்கேதான் இறக்கினார்கள். மயிலையிலும் அடையாற்றிலும் பாத்திரம் துலக்கியவள், சாந்து குழைத்தவன், மீன் கூடை சுமந்தவள் எல்லாரும் ஒரே நாளில் 'புறநகர் மக்கள்' ஆனார்கள். வீடு கிடைத்தது, வேலை போயிற்று. பள்ளி பாதியில் நின்றது.

பெயர்தான் எவ்வளவு பொருத்தம்! நீதி கேட்டு அரண்மனை வாயிலில் நின்றவளின் பெயர். அவள் சிலைக்கே ஒருமுறை இடம் பறிபோயிற்று. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நின்றவளை 2001-ல் பெயர்த்தெடுத்தார்கள். கொதித்தோம், குரல் கொடுத்தோம். 2006-ல் மீண்டும் கடற்கரையிலேயே நிறுத்தினோம். சிலை திரும்பியது. கண்ணகி நகருக்குப் போன குடும்பங்கள் திரும்பவில்லை. அவர்களுக்காக அப்படிக் கொதித்தோமா?

நம் கை சுத்தம் என்று சொல்லவரவில்லை. 2022 மே திங்களில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில், உச்ச நீதிமன்ற ஆணையின்பேரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒருவர் தீக்குளித்து மாண்டார். அப்போது ஆட்சியில் இருந்தது நாம்தான். மந்தைவெளி, மயிலைப் பகுதியிலேயே மாற்று வீடு என்ற உறுதி அதற்குப் பிறகே சட்டமன்றத்தில் வந்தது. ஓர் உயிர் எரிந்தபின் கிடைத்த உறுதி! 1970-ல் குடிசை மாற்று வாரியம் கண்டபோது நம் வழி வேறாக இருந்ததே. குடிசை இருந்த இடத்திலேயே மாடி எழுப்பினோம். நொச்சிக்குப்பத்தில் அலை காலைத் தொடும் தொலைவில் எழுப்பினோம். அந்த நினைவு எப்போது மங்கியது?

ஊருக்குள் நிலமில்லை என்பார்கள் அதிகாரிகள். சிங்கப்பூர் எவ்வளவு பெரிய ஊர்? அங்கே வீட்டு வசதிக் கழகம் 1960-ல் பிறந்தது. நம் வீட்டு வசதி வாரியம் 1961-ல். ஓராண்டுதான் மூப்பு. இன்று அந்த ஊரில் ஐந்தில் நால்வர் கழகத்தின் அடுக்குகளில் வாழ்கிறார்கள். நம் தமிழரும் அவர்களுள் இருக்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு அடுக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கலந்தே இருக்கவேண்டும் என்று அளவு வைத்தார்கள். அங்கும் குறை உண்டு. நம் ஊரிலிருந்து போய்க் கட்டடம் கட்டும் கூலியாளுக்கு அந்த அடுக்கில் இடமில்லை, தொழிலாளர் விடுதியில்தான் பாய். ஆனால் வாசலில் நின்று 'சைவமா?' என்று கேட்பவனுக்கு விடை அந்த 1989 ஏற்பாட்டில் இருக்கிறது.

தோழர் மேடவாக்கத்தில் வீடு பார்த்துவிட்டார். விடியுமுன் எழுந்து பிள்ளைகளோடு பேருந்து ஏறுகிறார்.

வட்டக் கூட்டங்களில் அடுத்த முறை தீர்மானம் எழுதும்போது இவற்றையும் எழுதுங்கள். 'மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற சொற்களை வாடகைச் சட்டத்திலிருந்து அடித்துவிட வேண்டும். சாதியையோ மதத்தையோ உணவையோ காட்டி வாடகை வீடு மறுப்பதைக் குற்றமாக்க வேண்டும். மயிலையிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வாரியங்களின் பழைய அடுக்குகளை இடித்து உயரமாகக் கட்டும்போது, முதலில் அங்கிருந்தவர்களுக்கு, பிறகு அந்த வட்டத்தில் உழைப்பவர்களுக்கு என்று வாடகை வீடுகளை ஒதுக்க வேண்டும், விற்பனைக்கு அல்ல. தீர்மானத்தின் படியைத் தலைமைக்கும் அனுப்புங்கள், நமக்கும் அனுப்புங்கள். அச்சிடுகிறோம்.