லோகோவை மாற்றினால் லட்சணம் மாறுமா?

2024 அக்டோபர் 22ஆம் தேதி பிஎஸ்என்எல் நிறுவனம் டெல்லியில் தன் புது லோகோவை வெளியிட்டது. சாம்பல் நிற உருண்டையும் அதைச் சுற்றி ஓடிய நீல, சிவப்பு அம்புகளும் போயின. காவி வட்டத்துக்குள் இந்திய வரைபடம் வந்தது. 'கனெக்டிங் இந்தியா' என்ற வாசகம் 'கனெக்டிங் பாரத்' ஆனது. மந்திரி வந்து திரையை விலக்க, ஏழு புதிய சேவைகளும் அன்றே அறிவிக்கப்பட்டன.

எல்லாம் சரி. அன்றைய தேதியில் பிஎஸ்என்எல் சிம் வைத்திருந்தவருக்கு என்ன குறை? உருண்டை சாம்பல் கலரில் இருக்கிறதே என்பதா? தனியார் கம்பெனிகள் 2012லேயே 4ஜி ஆரம்பித்துவிட்டன. 2022 அக்டோபரில் 5ஜிக்கும் போய்விட்டன. பிஎஸ்என்எல்லின் 4ஜி நாடு முழுவதற்கும் என்று முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பரில்! லோகோ வந்து பதினோரு மாதம் கழித்து. பெண் பார்க்கும் முன்பே கல்யாண ஆல்பத்துக்கு ஆர்டர் கொடுத்த கதைதான்.

பிஎஸ்என்எல்லை மட்டும் கிண்டல் செய்வது நியாயமில்லை. உலகம் முழுக்க இந்த வியாதி இருக்கிறது. விற்பனை குறைந்ததா, லோகோவை மாற்று. கெட்ட பெயர் வந்ததா, லோகோவை மாற்று. புது தலைவர் வந்தாரா, அவர் வந்ததற்கு அடையாளமாக... அதேதான். பிசினஸ் படிக்கும் மாணவர்களுக்கும் 'கார்ப்பரேட் ஐடென்டிட்டி' என்றால் லோகோ, கலர், எழுத்துரு, விசிட்டிங் கார்டு என்றுதான் மனதில் பதிகிறது. அந்த வார்த்தையின் நேர்ப்பொருளே 'அடையாளம்' என்பது எங்கோ காணாமல் போகிறது. ஒரு மனிதனின் அடையாளம் அவன் போட்டிருக்கும் சட்டையா?

லோகோ என்பது காலிப் பாத்திரம். அதற்குள் என்ன இருக்கும் என்பதை நிறுவனம்தான் ஊற்ற வேண்டும். நைக்கியின் அந்த 'டிக்' மாதிரியான கோட்டை 1971ல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. வாங்கிய கூலி 35 டாலர். (பின்னாளில் நிறுவனம் அவருக்குப் பங்குகள் கொடுத்துக் கணக்கை நேர் செய்தது என்பது வேறு கதை.) அந்தக் கோட்டில் தனியாக எந்த மந்திரமும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு ஓடியவர்களும் ஜெயித்தவர்களும்தான் அதற்கு அர்த்தம் கொடுத்தார்கள்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ஐபிஎம்மின் கோடு போட்ட எழுத்துகளை வரைந்த பால் ராண்ட், லோகோ உலகின் பிதாமகர். அவருடைய கடைசி வேலைகளில் ஒன்று, சாய்ந்து நிற்கும் ஓர் ஆங்கில 'ஈ' எழுத்து. அழகான, மறக்க முடியாத டிசைன். நிறுவனத்தின் பெயர் என்ரான்! கணக்கில் செய்த தில்லுமுல்லுகள் வெளியாகி 2001 டிசம்பரில் அது திவாலானது. மக்கள் அந்த லோகோவுக்கு 'கோணல் ஈ' என்று பெயர் வைத்தார்கள். உலகத்திலேயே சிறந்த டிசைனர் வரைந்தது என்ரானைக் காப்பாற்றியதா?

இந்த விஷயத்தில் எல்லோருக்கும் மேலே நிற்பது பிபி. பழைய பிரிட்டிஷ் பெட்ரோலியம். பல பத்தாண்டுகளாகப் பச்சைக் கேடயத்துக்குள் இரண்டு எழுத்து, அவ்வளவுதான் அதன் லோகோ. 2000ல் அதைத் தூக்கிவிட்டுப் பச்சையும் மஞ்சளும் கலந்த சூரியகாந்தி மாதிரி ஒரு பூவைக் கொண்டுவந்தார்கள். சூரியக் கடவுள் ஹீலியோஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கூடவே ஒரு வாசகம்: 'பியாண்ட் பெட்ரோலியம்', அதாவது பெட்ரோலியத்தைத் தாண்டி. எண்ணெய்க் கம்பெனி ஒன்று எண்ணெயைத் தாண்டிப் போகிறதாம்! டிசைன் என்ற அளவில் அது முதல் தரம், மறுக்க முடியாது. தூரத்திலிருந்தே தெரியும், ஒரு தடவை பார்த்தால் மறக்காது, எழுத்தே இல்லாமல் நிற்கும். பாடப்புத்தகம் சொல்லும் எல்லாப் பரீட்சையிலும் பாஸ்.

பிறகு என்ன நடந்தது? 2005 மார்ச்சில் டெக்சாஸ் சிட்டியில் இருந்த பிபியின் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். பாதுகாப்புக்குச் செலவு செய்வதில் காட்டிய கஞ்சத்தனத்தை விசாரணைகள் சுட்டிக்காட்டின. அடுத்த வருடமே அலாஸ்காவில் துருப்பிடித்த குழாயிலிருந்து எண்ணெய் கசிந்தது. பெட்ரோல் பங்க்கில் பூ பளபளவென்று இருந்தது, பூமிக்கு மேலே போன குழாய் துருப்பிடித்துக் கிடந்தது. எந்தச் செலவுக்கு முன்னுரிமை என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

2010 ஏப்ரல் 20ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. அமெரிக்க அரசின் கணக்குப்படி சுமார் 49 லட்சம் பீப்பாய். அப்போது கிரீன்பீஸ் அமைப்பு பிபிக்கு வேறு லோகோ வரைந்து தரச் சொல்லி மக்களிடம் ஒரு போட்டியே வைத்தது. எண்ணெயில் தோய்ந்த பறவைகளும் கறுப்பாக ஒழுகும் பூக்களும் குவிந்தன. பழைய கேடயமே இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாகக் கேலி செய்திருக்க முடியுமா? முடியாது. கேடயம் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. பூ கொடுத்தது! பொய் சொன்ன லோகோ, மாட்டிக்கொண்ட நாளில் முதல் சாட்சியாக எழுந்து நிற்கும். 2025 பிப்ரவரியில் அதே பிபி, மாற்று எரிசக்திக்கான முதலீட்டை வெட்டிவிட்டு எண்ணெய், எரிவாயுவுக்கான செலவைக் கூட்டுவதாக அறிவித்தது. 'பெட்ரோலியத்தைத் தாண்டி' என்ற வாசகம் ஏற்கெனவே சத்தமில்லாமல் போய்விட்டது.

இது ஏமாற்றுவதற்காக மாற்றுவது. சும்மா கை அரிப்பில் மாற்றுவது இன்னொரு ரகம். 2009 ஜனவரியில் டிராபிகானா ஆரஞ்சு ஜூஸின் அட்டைப்பெட்டியை மாற்றினார்கள். ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்திய படம் பல வருடமாக அமெரிக்கர்களுக்குப் பழக்கமானது. அதை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் ஜூஸ் படம் போட்டார்கள். கடைக்குப் போனவர்களுக்குத் தங்கள் ஜூஸ் எது என்றே தெரியவில்லை, ஏதோ பெயர் தெரியாத மலிவு சரக்கு என்று நினைத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20 சதவீதம் சரிந்தது. பிப்ரவரி முடிவதற்குள் பழைய பெட்டிக்கே திரும்புவதாக அறிவித்தார்கள். 2010 அக்டோபரில் கேப் துணிக்கடை தன் நீலச் சதுரத்தை மாற்றிவிட்டு ஒரே வாரத்தில் வாபஸ் வாங்கியது இன்னும் பெரிய காமெடி.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் யாரும் லோகோவை ரசிப்பதில்லை. கை தானாக நீளுகிறது. அந்தப் பழக்கம் உருவாகப் பல வருடம் ஆகும், உடைக்க ஒரு மீட்டிங் போதும். "பழசாகிவிட்டது, போர் அடிக்கிறது" என்று சொல்பவர்கள் எப்போதும் நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்கள்தான். தினமும் எட்டு மணி நேரம் அதையே பார்த்தால் போர் அடிக்கத்தான் செய்யும். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நொடி பார்ப்பவருக்கு எப்படிப் போர் அடிக்கும்?

சரியாகச் செய்தவர்கள் இல்லையா? பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது ஸ்டேட் பாங்க். நீல வட்டம், நடுவில் சின்ன வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு. 1971ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்தது. சாவித்துவாரம் என்பார்கள், அகமதாபாத்தின் காங்கரியா ஏரி என்றும் ஒரு கதை சொல்வார்கள். எதுவாக இருந்தாலும் சரி. கறுப்பு மையில் ரப்பர் ஸ்டாம்ப்பாக அடித்தாலும், பாஸ்புக் மூலையில் குட்டியாக அச்சடித்தாலும், ஏடிஎம் போர்டில் இரவில் எரிந்தாலும், போனில் கட்டைவிரல் அளவு ஐகானாக வந்தாலும் அது அதுவாகவே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் "நீல வட்டம் போட்ட பாங்க்" என்று அடையாளம் சொல்லிவிடுவார். 2017ல் ஐந்து துணை வங்கிகளையும் பாரதிய மகிளா வங்கியையும் இணைத்துக்கொண்டபோது, புதிதாக எதையாவது செய்யலாமென்று ஆசைப்பட நல்ல சாக்கு கிடைத்தது. எழுத்தையும் நிறத்தையும் கொஞ்சம் திருத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள். வட்டத்தில் கை வைக்கவில்லை. (கவுண்டரில் "சர்வர் டவுன்" என்று சொல்வது அதன் இன்னொரு அடையாளம், அதற்குச் சேகர் காமத் பொறுப்பல்ல!)

நல்ல லோகோவுக்கு வேண்டியது இந்த ரப்பர் ஸ்டாம்ப் தகுதிதான். நாலு கலர் மங்கலாகக் கலந்து, நிழல் விழுந்து, மின்னுகிற டிசைன்கள் கம்ப்யூட்டர் திரையில் அருமையாக இருக்கும். அதையே சுவரில் பெயிண்ட் அடிக்கிறவரிடம் கொடுத்துப் பாருங்கள், தலையைச் சொறிவார். ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள், கறுப்புக் கட்டியாக வரும். யூனிஃபார்ம் பாக்கெட்டில் நூலால் தைக்கச் சொன்னால் டெய்லர் கும்பிடு போடுவார்.

அடுத்த சோதனை தொடர்ச்சி. முன்வாசல் போர்டில் புது லோகோ, உள்ளே ரசீதில் பழைய லோகோ, வண்டியில் அதற்கும் முந்தையது, வெப்சைட்டில் வேறொரு நீலம் என்று எத்தனை நிறுவனங்கள்! வெளியீட்டு விழாவுக்குப் பணம் இருக்கும், கிளை அலுவலகத்தின் லெட்டர் பேடு மாற்ற பட்ஜெட் இருக்காது.

மாற்றவே கூடாது என்பதில்லை. 2007ல் யூடிஐ வங்கி ஆக்சிஸ் வங்கி ஆனது, யூடிஐ என்ற பெயரை உபயோகிக்கும் உரிமை முடியவிருந்ததால். காரணம் நியாயமானது, யாரும் சிரிக்கவில்லை. ஆப்பிள் 1998ல் தன் வானவில் நிறங்களைக் கழற்றியபோது கூடவே ஐமேக்கும் வந்தது. கடித்த ஆப்பிளின் உருவம் அப்படியே இருந்தது. உள்ளே நிஜமாகவே ஏதாவது மாறியிருந்தால் வெளியே மாற்றலாம், வரிசை அதுதான்.

மறுபடியும் பிஎஸ்என்எல். அதை மீட்க 2019, 2022, 2023 ஆகிய மூன்று வருடங்களில் மத்திய அரசு அறிவித்த திட்டங்களின் மொத்த மதிப்பு மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அத்தனையும் மக்கள் பணம். அந்த முதல் திட்டத்தின்படி, 2020 ஜனவரி 31ல் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அவர்களில் லைன்மேன்கள் உண்டு, கேபிள் இணைப்பவர்கள் உண்டு, எக்ஸ்சேஞ்சைப் பார்த்துக்கொண்டவர்கள் உண்டு. மழை விட்டதும் சைக்கிளில் வந்து, கம்பத்தில் ஏறி, "இப்போ டயல் டோன் வருதா பாருங்க" என்று கேட்ட அந்த ஆள்தான் ஊர் ஜனங்களுக்கு பிஎஸ்என்எல். சாம்பல் உருண்டையையோ காவி வட்டத்தையோ பார்த்து யாரும் போன் கனெக்‌ஷன் வாங்கவில்லை. வெளியேறியவர்களின் இடத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், ரிப்பேர் புகார் எத்தனை நாளில் தீர்கிறது, கிராமத்து டவரில் டீசல் இருக்கிறதா? அடுத்த விழாவில் திரையை விலக்கும்போது அதற்குப் பின்னால் இந்தக் கணக்கை வைக்கட்டும்.