குழந்தையின் புத்தியும் நமது அவசரமும்

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு பிள்ளையைப் பற்றி, 'இவன் சூடிகை', 'அவளுக்குப் படிப்பு ஏறாது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதில் நம்மவர்களுக்கு இருக்கிற சாமர்த்தியம் வேறெந்தக் காரியத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. உபாத்தியாயர் சொல்கிறார், உறவினர் ஆமோதிக்கிறார், பெற்றோரும் சில நாள் மனம் வருந்திவிட்டு, பின்பு அதையே விதியென்று ஏற்றுக்கொள்கிறார்கள். புத்தி என்பது பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்ட சொத்து என்றும், வளர்ப்பு என்பது அந்தச் சொத்தைச் செலவழிக்கக் கற்றுக்கொடுப்பது மாத்திரமே என்றும் நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயமே இதற்கெல்லாம் மூலம். பிறவியில் வித்தியாசமே கிடையாது என்று சாதிப்பது என் நோக்கமன்று; ஒரே வீட்டில் வளரும் இரு பிள்ளைகளைக் கண்ட எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். ஆனால் பிறவி தந்த விதை எவ்வளவு தூரம் முளைத்து வளரும் என்பதை நிர்ணயிக்கிற காலத்தில் நாம் அலட்சியமாக இருந்துவிட்டு, அந்தக் காலம் கடந்த பிறகு விதையைக் குற்றம் சொல்கிறோம் என்பதே என் ஆட்சேபம்.

இந்த அபிப்பிராயத்துக்கு விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்த வரலாறு விசித்திரமானது. 1904-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம், சாதாரண வகுப்புப் பாடங்களைப் பின்தொடர முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதில் அங்கம் வகித்த ஆல்பிரெட் பினே, தம்முடைய இரு பெண்குழந்தைகளும் யோசிக்கும் விதங்களை வீட்டிலேயே வருஷக்கணக்காகக் கவனித்துக் குறிப்பெடுத்தவர்; ஒரு குழந்தையின் மனம் மற்றொன்றின் மனத்தைப் போல் வேலை செய்வதில்லை என்பதை அனுபவத்தில் கண்டவர். தியோதோர் சீமோன் என்ற மருத்துவரின் துணையோடு, எளியதில் தொடங்கிக் கடினமானதில் முடியும் முப்பது பரிசோதனைகளை அவர் 1905-இல் வகுத்தார். எந்தப் பிள்ளைக்கு விசேஷ உதவி தேவை என்று கண்டுபிடித்து அந்த உதவியைச் செய்வதற்காகவே அவை வகுக்கப்பட்டன. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பட்டம் சூட்டுவதற்காக அல்ல.

புத்தி பெருகாது, குறையாது, அது ஸ்திரமான அளவு என்று பேசிய அக்காலத்துப் பண்டிதர்களை, 1909-இல் எழுதிய நூலொன்றில் பினே வன்மையாகக் கண்டித்திருக்கிறார். கண்டித்ததோடு நில்லாமல், விசேஷ வகுப்புகளில் அப்பியாசங்களும் ஏற்படுத்தினார். அவற்றில் ஒன்று சிலை விளையாட்டு: உபாத்தியாயர் சைகை காட்டியதும் பிள்ளைகள் அனைவரும் இருந்த நிலையிலேயே அசையாமல் நிற்க வேண்டும். முதல் நாள் சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். நாளடைவில் அடக்கமும் கவனமும் கூடிவரும். பாடத்தைப் புகட்டுவதற்கு முன்னால், பாடத்தைக் கவனிக்கிற சக்தியைப் புகட்ட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஐம்பத்து நான்கு வயதில், 1911-இல், அவர் காலமானார். அடுத்த ஆண்டே வில்லியம் ஷ்டெர்ன் என்ற ஜெர்மானியர் மனவயதை உடல்வயதால் வகுத்துச் சொல்லும் யுக்தியைக் கொண்டுவந்தார். 1916-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெர்மன் அந்த ஈவை நூறால் பெருக்கினார். நுண்ணறிவு ஈவு என்ற எண் இவ்வாறு பிறந்து, உதவி தேடித் தருவதற்காகச் செய்த கருவி அமெரிக்காவில் மனிதரைத் தரம் பிரித்து ஒதுக்குகிற கருவியாக மாறிப்போயிற்று. பினே உயிரோடிருந்தால் மிகவும் வேதனைப்பட்டிருப்பார்.

அளப்பதைப் பற்றி இவ்வளவு போதும். வளர்ப்பதைப் பற்றித்தான் நமக்குக் கவலை. மனித மூளை வயதுவந்த பின் அடைகிற எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கை, குழந்தை தன் இரண்டாம் பிறந்தநாளைக் காண்பதற்குள்ளேயே எட்டிவிடுகிறது. நாம் கட்டணம் கட்டிச் சேர்க்கிற பயிற்சி வகுப்புகள் அத்தனையும் அதற்கு வெகுநாள் கழித்தே வருகின்றன. அந்த முதற்பருவத்தில் என்ன செய்தால் என்ன விளையும் என்பதற்கு ஜமைக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் கிடைத்த நிரூபணத்தைப்போல் தெளிவானது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

1980-களின் பிற்பகுதியில், சாலி கிராந்தம்-மெக்கிரெகர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், அந்நகரின் ஏழைப் பகுதிகளில் வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். நான்கு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மாவு கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குப் பால்மாவுக்குப் பதிலாக வாரம் ஒருமுறை ஒரு சுகாதார ஊழியப் பெண் வீட்டுக்கே சென்று ஒரு மணி நேரம் குழந்தையோடு விளையாடினாள். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவதற்கு இரண்டும் இல்லை. அந்தப் பெண்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். வீட்டில் கழித்துப்போடும் சாமான்களைக் கொண்டு செய்த பொம்மைகளை எடுத்துச் சென்று, தாயையும் பக்கத்தில் உட்கார வைத்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, ஒரு பொருளைக் காட்டி எப்படிப் பெயர் சொல்வது, அது ஒன்றைச் செய்து முடித்தால் எப்படி மெச்சுவது என்று செய்து காட்டிவிட்டு, பொம்மைகளை அடுத்த வாரம் வரை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். இரண்டு வருஷம் இவ்வாறு நடந்தது, அவ்வளவே.

இரண்டு வருஷ முடிவில் பாலும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. இரண்டும் பெற்ற குழந்தைகளே எல்லாரையும் விஞ்சி நின்றார்கள். ஆனால் காலம் செல்லச் செல்லப் பாலின் பலன் மங்கிப்போயிற்று. பேச்சும் விளையாட்டும் தந்த பலன் மங்கவில்லை. அக்குழந்தைகள் இருபத்திரண்டு வயதை எட்டியபோது மறுபடி தேடிச் சென்று பார்த்ததில், விளையாட்டுப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடப் புத்திப் பரிசோதனைகளில் முன்னணியில் நின்றதோடு, சம்பாத்தியத்திலும் ஏறக்குறைய 25 சதவீதம் உயர்ந்திருந்தார்கள். இதைக் கேட்டு உணவு வீண் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பசித்த வயிறு பாடம் கேட்காது என்பதை 1956-லேயே உணர்ந்து பள்ளிகளில் மதிய உணவு போட்ட நாடு நம்முடையது. வயிற்றை நிரப்பிய பிறகு செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கியிருக்கிறது என்பதுதான் கிங்ஸ்டன் சொல்கிற செய்தி.

அந்த பாக்கி வேலை தமிழ்நாட்டில் யார் தலையில் இருக்கிறது? 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகளில் பணிபுரியும் பெண்களின் தலையில். குழந்தையை நிறுத்துப் பார்ப்பதும், சத்துமாவு கொடுப்பதும், தடுப்பூசி நாளில் தாய்மாரை அழைத்து வருவதும், பதிவேடு எழுதுவதும், எழுதியதையே மறுபடி கைப்பேசியில் ஏற்றுவதும், சில இடங்களில் வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பதும் அவர்களே. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற அழகான பாடத்திட்டம் அவர்களிடம் இருக்கிறது. ஆடவும் பாடவும்தான் அவகாசம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரது சகாக்களும் நம் மாநிலத்தில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் அரைநாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாயிற்று. ஒன்றரை வருஷத்தில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். அதைவிட வியப்பு, கடுமையான ஊட்டக்குறைவும் அந்த மையங்களில் குறைந்தது. ஏனெனில், பழைய ஊழியருக்கு உணவையும் உடல்நலத்தையும் சிரத்தையோடு கவனிக்க நேரம் கிடைத்தது.

வசதியுள்ள குடும்பங்களின் கதை வேறு. கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்ல வைக்கிறோம், நடுமூளையை எழுப்பிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்க் கொட்டுகிற பெற்றோரைக் காணும்போது, படித்தவர்களுடைய பிரமைக்கு மருந்தே இல்லையோ என்று தோன்றுகிறது. மூன்று வயதுக் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து வாயை மூடிவிட்டு, எட்டு வயதில் அதே குழந்தைக்குப் பேச்சுத்திறன் வகுப்புத் தேடுகிறவர்களும் இவர்கள்தாம். கேள்வி கேட்கிற குழந்தைக்குச் சலிக்காமல் பதில் சொல்வதற்கு எந்தக் கட்டணமும் இல்லை.

வசதியற்ற வீட்டில் விடியுமுன் வேலைக்குப் புறப்படுகிற தாயிடம் போய் இந்த உபதேசத்தைச் செய்வது நியாயமன்று. அவளுடைய குழந்தையோடு பகலில் பேச ஒருவர் வேண்டும். நம் மண்ணிலேயே பரீட்சித்து வெற்றி கண்ட ஏற்பாடு கையில் இருக்கிறது. வருகிற நிதிநிலை அறிக்கையில், ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் இரண்டாவது ஊழியர் ஒருவரை, பிள்ளைகளோடு பேசுவதையும் விளையாடுவதையும் தவிர வேறு வேலை எதுவும் சுமத்தாமல் நியமிப்பதற்குத் தமிழ்நாடு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.