பெயர் ஒன்று, குணம் வேறு

ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் உத்தமனாகவும் இன்னொருவன் போக்கிரியாகவும் இருப்பதை ஊரில் பார்க்கிறோம். நுண்ணுயிர் உலகிலும் அதே கதைதான்.

1885-இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் கண்டறிந்த ஈ. கோலை, நம் குடலிலேயே குடியிருப்பது. அதன் கே-12 என்ற வகை ஆய்வுக்கூடங்களில் சாதுவாக வளர்கிறது. ஓ157:எச்7 என்ற வகையோ 1993-இல் அமெரிக்காவில், சரியாக வேகாத மாட்டிறைச்சி வழியே 700-க்கும் மேற்பட்டோரை நோயில் வீழ்த்தி, நான்கு குழந்தைகளின் உயிரையும் குடித்தது. 2001-இல் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். கே-12-இல் இல்லாத 1,387 மரபணுக்கள் கொலைகார வகையில் இருந்தன. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வேறு. பெயர் மட்டும் ஒன்று!

இந்த வேற்றுமையை மறந்தால் என்ன ஆகும்? 2011-ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் ஈ. கோலை நோய் பரவியது. ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயில் நச்சு ஈ. கோலை கண்ட ஹாம்பர்க் அதிகாரிகள், அதுவே காரணம் என்று அறிவித்தனர். சில நாட்களில் உண்மை தெரிந்தது. வெள்ளரியில் இருந்தது வேறு வகை; மக்களைக் கொன்றது ஓ104:எச்4. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றிடமிருந்து நச்சு மரபணுவைப் பெற்ற வகை அது. முளைகட்டிய வெந்தயமே அதைச் சுமந்து வந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயியின் விளைச்சல் வாங்குவாரின்றி அழுகியது. பாதிக்கப்பட்ட காய்கறி விவசாயிகளுக்கு 21 கோடி யூரோ உதவித்தொகை ஒதுக்க வேண்டியதாயிற்று.

"உயிர்கள் போய்க்கொண்டிருக்கும்போது முழு ஆய்வும் முடியும்வரை காத்திருக்க முடியுமா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐயம் எழுந்ததுமே "இதை உண்ணாதீர்கள்" என்று எச்சரிப்பது கடமை. ஆனால் "இவனே குற்றவாளி" என்று தீர்ப்பளிப்பது வேறு. முன்னதற்கு ஐயம் போதும். பின்னதற்குச் சான்று வேண்டும்.

செய்முறை வகுப்பில் தட்டில் பச்சைப் பளபளப்பைக் கண்டதும் "ஈ. கோலை உள்ளது" என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுகிறோம். "எந்த வகை?" என்று நாம் கேட்பதில்லை. கருவிகள் இல்லாவிட்டாலும் கேள்வியாவது கேட்கலாமே!

குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் விசாரித்தே ஆளை எடைபோடும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. கிருமியைக்கூட இனப்பெயரை வைத்து முடிவு கட்டக்கூடாது என்கிறது விஞ்ஞானம். மனிதனை அப்படி முடிவு கட்டலாமா? பட்டம் பெறும் நாம்தான் இதற்கு முதலில் விடை சொல்ல வேண்டும்.