வர்க்கத்தைத் தாண்டிப் போனவர்கள்

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறார். போன வாரம் வீட்டுக்கு வந்தவர், "இப்ப யாரு சார் வர்க்கம்லாம் பேசுறாங்க? மார்க்சியர்களே அதைத் தாண்டிப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் கெட்டது. நேரில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

தாண்டிப் போனவர்கள் யார்? 1980இல் ஆந்த்ரே கோர்ஸ் பாட்டாளி வர்க்கத்துக்கு விடைகொடுத்துப் புத்தகமே எழுதினார். 1985இல் எர்னஸ்டோ லக்லாவும் சந்தால் மூஃபும், பல போராட்டங்களில் வர்க்கப் போராட்டமும் ஒன்று, அதற்குத் தனி முதன்மை கிடையாது என்றார்கள். அதே 1985 மார்ச்சில்தான் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து, தோற்று, வேலைக்குத் திரும்பினார்கள். தாட்சர் அரசு முன்கூட்டியே நிலக்கரியைக் குவித்து வைத்து, போலீசை இறக்கி அவர்களை முறியடித்தது. எதிரே நிற்பது யார் என்பதில் அந்த அரசுக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் பேராசிரியர்களுக்குத்தான்.

அவர்கள் பேச்சில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண்கள் பிரச்சினை, சாதிப் பிரச்சினை எல்லாம் புரட்சி வந்தால் தானாகத் தீரும் என்று சொல்லித் திரிந்த தோழர்களை நானே பார்த்திருக்கிறேன். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். காதில் வாங்காதது நம் தப்பு. அதற்காக, பையன் கணக்கைத் தப்பாகப் போட்டான் என்று கணக்குப் பாடத்தையே எடுத்துவிடுவார்களா?

சிக்கல் எங்கே என்றால், வர்க்கத்தை ஏதோ சாதிச் சான்றிதழ் மாதிரி நெற்றியில் ஒட்டும் அடையாளமாகவோ சம்பளப் பட்டியலாகவோ நினைக்கிறார்கள். 'மூலதனம்' மூன்றாம் தொகுதியின் கடைசி அத்தியாயம் வர்க்கங்களைப் பற்றியது. வருமானம் வரும் வழியை மட்டும் பார்த்தால் மருத்துவர்களும் அதிகாரிகளும்கூட இரண்டு வர்க்கம் ஆகிவிடுவார்களே என்கிறார் மார்க்ஸ். அதற்குச் சில வரிகளிலேயே கையெழுத்துப்படி நின்றுவிடுகிறது. வர்க்கம் ஒரு பொருள் அல்ல, மனிதர்களுக்கிடையே நடக்கும் உறவு என்று 1963இல் இ.பி. தாம்சன் எழுதினார். எரிக் ஓலின் ரைட் முரண்பட்ட வர்க்க நிலை என்று ஒன்றைச் சொன்னார். எனக்கு அது உடனே புரிந்தது. தலைமையாசிரியராக இருந்தபோது மாதச் சம்பளத்துக்குக் காத்திருந்தவனும் நான்தான். பத்து நிமிடம் தாமதமாக வந்த டீச்சருக்கு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழித்தவனும் நான்தான்.

ஆலை மூடினால் அந்த உறவு ஒழிந்துவிடுமா? ஊபர் ஓட்டுநர்கள் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் என்று அந்த நிறுவனம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கட்டணத்தை முடிவு செய்வது யார், சவாரியை மறுத்தால் தண்டிப்பது யார் என்றெல்லாம் பார்த்த நீதிபதிகள், இவர்கள் தொழிலாளர்கள்தான், குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் விடுப்பும் உண்டு என்றார்கள். நீதிபதிகள் ஒன்றும் மார்க்சியர்கள் இல்லை.

தம்பி, அன்றைக்கு நீங்கள் வந்து இறங்கியதும் செயலியில் பிடித்த கார்தானே? திரும்பிப் போகும்போது அந்த ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தீர்களா? அடுத்த முறை காபியோடு ஓடாதீர்கள், சாப்பிடுகிற மாதிரி வாருங்கள்.