அளவுகோலுக்கு அடங்காத போர்வை

நிறம் ஓடுகிறது என்று யாரேனும் சொன்னால், சாயம் கெட்டியில்லை என்று குறிப்பெழுதித்தான் எனக்குப் பழக்கம். நீளம், அகலம், இழை எண்ணிக்கை ஆகியவற்றைச் சோதித்துக் கையொப்பமிடுவது என் உத்தியோகம். துணியின்மீது நிறங்கள் நடக்கவும் ஓடவும் கூடும், அவ்வாறு ஓடவிடுவதும் ஒரு தேர்ச்சியே என்பதை அயல்நாட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வரலாற்றைப் படித்தே அறிந்தேன். பருத்தி விளைவிப்போருக்கும் துணி நெய்வோருக்கும் ஒருங்கே உரிய வரலாறாதலால் அதனை இங்கு எழுதத் துணிகிறேன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று புறமும் வளைந்து சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உளது. பருத்திப் பண்ணை அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் சந்ததியாரே அவ்வூரார். விடுதலைக்குப் பின்னும் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டுக் கடனில் உழன்றனர். 1932-இல், கடன் கொடுத்து வந்த வணிகர் இறந்ததும் அவர் குடும்பத்தார் பாக்கிக்காக உழவுக் கருவிகளையும் கால்நடைகளையும் உணவுப் பொருள்களையும் வாரிச் சென்றனர். கடன் சங்கம் இல்லாத ஊரின் கதி அது.

குளிருக்கு அஞ்சிய அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலையாடைகளை வெட்டி இணைத்து மேல்துணி அமைப்பர். நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்தால் போர்வை. மலரோ மயிலோ அதில் இராது. வீட்டுக்கூரை என்று பெயர்பெற்ற அமைப்பில், நடுவில் ஒரு துண்டை வைத்து அதனைச் சுற்றிச் சுற்றிக் கீற்றுகளை இணைப்பர். ஒரு கீற்று அகலம், அடுத்தது குறுகல், மூன்றாவது சிறிது சாய்வு. சிவப்பு முன்னே வரும், நீலம் பின்வாங்கும்; கண் ஓரிடத்தில் நில்லாது. ஒரே சிவப்பு நூல் கறுப்பின் அருகே ஒருவிதமாகவும் வெள்ளையின் அருகே வேறுவிதமாகவும் தோன்றுவதைத் தறியில் அமர்ந்தவர் எவரும் அறிவர். கால்சட்டையின் பையைப் பிரித்தெடுத்த இடத்தில் வெளுக்காமல் நின்ற கருநீலத்தையும் அவர்கள் ஒரு நிறமாகவே கணக்கிட்டனர். 1942-இல் மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி, மறைந்த கணவரின் வேலையாடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். உருவமற்ற ஓவியம் என்று இன்று அறிஞர் போற்றுவது இத்தகையவற்றைத்தான்.

வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள முயன்ற கறுப்பின மக்கள் குடியிருந்த நிலத்தினின்று வெளியேற்றப்பட்ட அக்காலத்தில், 1966-இல், அவ்வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்னும் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நியூயார்க் கடைகள் சரக்குக் கேட்டன. கேட்டவை ஒரே மாதிரி, ஒரே அளவு, நேரான தையல். 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய்த் தலையணை உறைகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அவ்வுறைகளில் தைத்தவரின் கற்பனைக்கு இடமில்லை. அதற்காக அவ்வொப்பந்தத்தை நான் இகழமாட்டேன். அதனால் கூலி வந்தது. கூலி வராத வீட்டில் கலையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. மீந்த கார்டுராய்த் துண்டுகளை அப்பெண்கள் வீட்டுக்குக் கொண்டு சென்றதே என்னைக் கவர்ந்த செய்தி. அத்துணியின் குறுமயிர் ஒரு திசையில் படிந்திருக்கும். துண்டைத் திருப்பி வைத்தால் அதே நிறம் வேறு ஒளி காட்டும். வளைத்து வெட்டக் கடினமான துணியாதலின் நேர்க்கீற்றுகளைக் கொண்டே அசைவை உண்டாக்கினர்.

2002-இல் ஹூஸ்டன் கலைக்கூடத்திலும் பின்னர் நியூயார்க்கிலும் பெரும்பாலும் வீட்டுக்கென்று தைத்தவையே சுவரில் ஏறின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவ்வூர்ப் போர்வைகள் பத்தினை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. புகழ் வந்தபின் வருவாயைக் குறித்து, 2007-இல் தைத்தவருட் சிலர் வழக்குத் தொடுத்தனர். மறுவருடம் அவை முடிவுற்றன. சங்கமோ 2012-இல் மூடப்பட்டது.

நம் சங்கங்கள் இதிலிருந்து ஒன்றைக் கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒப்பந்தச் சரக்குக்கு அளவுகோல் இருக்கட்டும். அதனைத் தளர்த்தும்படி நான் சொல்லவில்லை. ஆனால் மீந்த நூலையும் வெட்டுத் துண்டையும் கொண்டு அங்கத்தினர் தம் மனம்போல் செய்யும் பொருளுக்கு இருப்புப் பேரேட்டில் தனிப்பக்கம் வேண்டும். செய்தவரைக் கலந்தே விலை நிர்ணயம் செய்தல் வேண்டும். அவ்வமைப்பைப் பிறர் பின்னர் எடுத்தாண்டால் அவருக்குரிய பங்கு எவ்வளவு என்பதை விற்பனைக்கு முன்பே எழுத்தில் பதிய வேண்டும். பின்னர் நீதிமன்றம் ஏறுவது வீண் செலவு. காரியதரிசிகளுக்கு வேலை கூடும் என்பதை அறிவேன். கூடட்டும்.

இதனைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. சென்ற ஆண்டு ஒரு சங்கத்தில், நெசவாளி ஒருவரின் மனைவியார் வெட்டுத் துண்டுகளால் தைத்த விரிப்பு ஒன்றைக் கொணர்ந்தார். நான்கு பக்கமும் ஒத்திருக்கவில்லை, கீற்றுகள் சாய்ந்திருந்தன. கோணலாயிருக்கிறதே என்றேன். "கோணலாக வைத்தால்தான் அசைகிறது, ஐயா" என்றார் அவ்வம்மையார். நான் ‘அளவு பிசகு, கழிவு’ என்று எழுதினேன்.

இவ்வாண்டு சென்றபோது அவ்விரிப்பைக் கேட்டேன். எடைக்குப் போட்டாயிற்று என்று சொல்லி, காரியதரிசி என் கையொப்பத்தை எடுத்துக் காட்டினார்.